ஞாயிறு எழுமுன்

தமிழ்ப் புலவர்க்கு ஞாயிற்றின் தோற்றம் புதிய பொருளன்று. இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் வாழ்த்தித் தொடங்கினார். திருமுருகாற்றுப்படை பாடிய நக்கீரர், கடல்மேல் எழும் ஞாயிற்றையே முருகனது ஒளிக்கு உவமையாக முதலடிகளில் நிறுத்தினார். இவற்றை வகுப்பறையில் அமர்ந்து உரையோடு பயில்வது எளிது. விடியற்காலை நான்கரை மணிக்குப் போர்வையை உதறி எழுந்து, அப்புலவர் கண்டதைத் தானும் காணக் கடற்கரைக்கு நடப்பது அத்துணை எளிதன்று. சென்ற இரண்டு விடுமுறைகளில் யான் அதனைச் செய்துவந்தேன். கையில் ஒரு நிழற்படக் கருவியும் இருந்தது. என் மாமா பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி, சில திருமணங்களுக்குப் பயன்படுத்திப் பின் அலமாரியில் வைத்து மறந்துபோன கருவி அது. இக்கலையை யான் எவரிடமும் முறையாகக் கற்றவனல்லன். ஆதலின் ஈண்டு எழுதுவனவற்றை ஒரு கற்றுக்குட்டியின் குறிப்புக்கள் என்றே அன்பர்கள் கொள்ளவேண்டுகிறேன்.

மாமா வீடு இருப்பது தரங்கம்பாடியில். அலைகள் பாடும் ஊர் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். செவிக்கினிய விளக்கமே. ஆயினும், பாடி என்பது ஊரையும் பாசறையையும் குறிக்கும் பழஞ்சொல் என்பதையும், அவ்வூர்க் கோயிற் கல்வெட்டுச் சடங்கன்பாடி என்றொரு பெயரைக் காட்டுவதையும் அறிந்த தமிழ் மாணவனுக்கு அதனை முழுதும் ஏற்க மனம் வருவதில்லை. 1620-ஆம் ஆண்டில் டேனியர் எழுப்பிய கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. சற்று வடக்கே, மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போயிற்று. 1706 ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் சீகன்பால்கு ஐயர் கரையிறங்கியதும் இவ்வூரிலேதான். தமிழில் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கேயே அச்சாகி முடிந்தது. இவையெல்லாம் சுற்றிப் பார்க்க வருவோர்க்கு உரியவை. படமெடுக்க வந்தவனுக்கு வேண்டியது வேறொன்று; கிழக்கே ஒரு மறைப்புமில்லாத கடல். அது தரங்கம்பாடியில் வேண்டுமளவு உண்டு.

ஞாயிறு கிழக்கே உதிக்கும் என்பது பள்ளிப் பாடம். நேர்கிழக்கில் அது உதிப்பது ஆண்டில் இரண்டு நாட்களே. மார்ச்சுத் திங்களில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஜூன் திங்களில் அது வடக்கே ஏறத்தாழ 24 பாகை ஒதுங்கியும், டிசம்பரில் அவ்வளவே தெற்கே ஒதுங்கியும் எழும். மே விடுமுறையில் என் இடத்தோளுக்கு நேரே தோன்றிய ஞாயிறு, கிறிஸ்மஸ் விடுமுறையில் அதே கல்லின்மேல் அமர்ந்தபோது வலத்தோளுக்கு நேரே வந்துவிட்டது. பொழுதும் மாறும். மே நடுவில் 5 மணி 48 நிமிடத்துக்கு உதிப்பது, ஜனவரித் தொடக்கத்தில் 6 மணி 31 நிமிடம்வரை நம்மைக் காத்திருக்கச் செய்யும். நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு ஆண்டு முழுதும் அந்நேரத்தையே நம்பியிருத்தல் ஆகாது.

இவற்றினும் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொரு செய்தி. அடிவானத்தில் நிற்கும் பொருளின் ஒளியைக் காற்று வளைத்து ஏறத்தாழ அரைப் பாகை உயர்த்திக் காட்டுகின்றது. ஞாயிற்று வட்டத்தின் அகலமும் அரைப் பாகைதான். ஆகவே, வட்டம் முழுதும் நீருக்குமேல் வந்து கடலைத் தொட்டுக்கொண்டு நிற்பதாக நாம் காணுங்கணத்தில், மெய்யான ஞாயிறு இன்னும் கடலுக்குக் கீழேயே இருக்கின்றது. நாம் வாழ்த்தி வரவேற்பது அதன் சாயலையே. வட்டத்தின் மேல்விளிம்பு தோன்றியது முதல் கீழ்விளிம்பு நீரைவிட்டு நீங்கும்வரை, நம் ஊர்களில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். அதற்கு முன்போ, விளக்கின்றிக் கையெழுத்தைப் படிக்கத்தக்க வெளிச்சம் இருபது நிமிடத்துக்கு மேலாக நிலவும். இரண்டு நிமிடத்துக்காக வருகின்ற கூட்டம் பெரிது. இருபது நிமிடத்துக்காக வருவோர் சிலரே. சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்கள் முதல் விளிம்பு தெரிந்தவுடன் ஆரவாரித்து, வட்டம் நிறைந்தவுடன் தேநீர்க் கடைக்குத் திரும்பிவிடுவதைப் பன்முறை கண்டிருக்கிறேன்.

கருவியின் இயல்பைச் சிறிது கூறவேண்டும். அதனை அதன் போக்கில் விட்டால், உலகம் முழுதும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொண்டு ஒளியை அளக்கின்றது. ஞாயிற்றை நேரே காட்டினால் அஞ்சிக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். படகும் மணலும் கரிக்கட்டையாகிவிடும். படகுக்காகக் கண்ணை அகலத் திறந்தால், ஞாயிறு இருந்த இடத்தில் வெண்டுளை ஒன்றே எஞ்சும். ஞாயிற்றுக்குச் சற்றுப் பக்கத்திலுள்ள வானத்தை அளந்து, அவ்வளவை நிறுத்திக்கொண்டு, பின் வேண்டிய திசைக்குத் திருப்புவதே கைகொடுக்கும் வழி. வெளிச்சம் குறைந்த நேரத்தில் கை நடுங்கும், முக்காலி இன்றியமையாதது. வட்டம் ஏறிய பிறகு காட்சித்துளையின் கண்ணாடிவழியே அதனை நோக்குவது கண்ணுக்குக் கேடு. இதனை விளையாட்டாகச் சொல்லவில்லை. வில்லைகள் ஒளியைத் திரட்டுவன.

நிறத்தைப் பற்றிய வழக்கோ இதனினும் நுட்பமானது. அடிவான ஞாயிற்றின் ஒளி, உச்சி ஞாயிற்றின் ஒளியைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகின்றது. வழியில் நீலம் சிதறிப்போகச் செம்மையும் பொன்மையுமே நம்மிடம் வந்துசேர்கின்றன. இச்செம்மையைக் கருவி ஒரு நோயாகக் கருதுகின்றது! வெள்ளைத் துணி எவ்வொளியிலும் வெள்ளையாகத் தோன்றவேண்டும் என்று அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே வைகறையின் செம்மையைத் துடைத்து, காலைப் பத்துமணிக்கு எடுத்த படம்போல் ஆக்கித் தருகின்றது. பகலொளிக்குரிய நிலையில் அதனை நிறுத்திவைத்தால் செம்மை மீளும். கைப்பேசிகள் சில இதற்கு நேர்மாறு; கேளாமலே செம்மையைக் கூட்டி, குங்குமக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் காட்டும். குறைப்பதும் பொய், கூட்டுவதும் பொய் என்றால், எதுதான் மெய்? நம் கண்ணும் இருளுக்கும் ஒளிக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஒரு கருவியே அன்றோ? இதனை நண்பர்களிடம் கேட்டேன். ‘அழகாக இருந்தால் போதாதா?’ என்றார்கள். போதாது என்று அன்று யான் சொன்னதற்குக் காரணம் காட்ட இயலவில்லை.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அக்காலப் பூச்சுக்கள் நீல ஒளிக்கு மிகையாக வசப்படுவனவாதலின், நிலத்துக்கு அளந்து எடுத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பிரெஞ்சு நாட்டினரான குஸ்தாவ் லெ கிரே 1856, 1857-ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளை எடுத்தபோது, சிலவற்றில் கடலுக்கு ஒரு கண்ணாடித் தகடும் வானுக்கு ஒரு கண்ணாடித் தகடுமாகத் தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இசைத்து அச்சிட்டார். ஒரே மேகம் வெவ்வேறு கடல்களின்மேல் நிற்பதும் அவர் படங்களில் உண்டு. நம் தஞ்சையையும் மதுரையையும் 1858-இல் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவரும், தம் படங்கள் சிலவற்றின் வெற்று வானத்தில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். இவர்களை ஏமாற்றுவோர் என்று சொல்ல நா எழவில்லை. கருவி விட்டுவிட்டதைத் தாம் கண்டதுகொண்டு நிரப்பினார்கள்.

ஓவியர் மோனே 1872-ஆம் ஆண்டை இட்டுத் தீட்டிய ஞாயிற்றுத் தோற்றம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதில் துறைமுகத்து மூடுபனிமேல் செந்நிற வட்டம் ஒன்று கனல்கின்றது. அப்படத்தின் வண்ணத்தைக் கைப்பேசியில் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். வட்டம் ஏறத்தாழ மறைந்தேபோயிற்று. சூழ்ந்த வானத்துக்கு எத்துணை ஒளியோ அத்துணையே அதற்கும் கொடுத்து, நிறத்தால் மட்டும் வேறுபடுத்தியிருக்கிறார் அப்பெருமான்.

தமிழிலக்கணத்தின் பக்கம் ஒரு கணம் திரும்புகிறேன். தொல்காப்பியர் வைகறையையும் விடியலையும் மருதத்துக்கு உரிய சிறுபொழுதாக வகுத்தார். கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர் தந்தது எற்பாடு. அதனைக் கதிர் சாயும் பொழுது என்றே பெரும்பாலும் பொருள் கொள்வர். கடல்மேல் ஞாயிறு எழும் காட்சியைக் கீழ்க்கடற்கரை முழுவதும் பெற்ற ஒரு நாட்டில், விடியல் ஏன் நெய்தலுக்கு ஆகவில்லை? நூலகத்தில் இருந்தபோது தோன்றாத இவ்வினா கடற்கரையில் எழுந்தது. சில நாட்களில் எனக்கு நானே ஒரு விடையும் கண்டேன். ஆசிரியர்கள் ஏற்பார்களோ அறியேன். விடியற்காலையில் நெய்தல் நிலத்து ஆடவர் கரையில் இல்லை. அவர்கள் கடலில் இருக்கிறார்கள். கதிரெழும் காட்சியைப் பார்த்து நிற்க அங்கே எவர்க்கும் ஓய்வில்லை. வலையை இழுப்பதற்கு அவ்வெளிச்சம் பயன்படுகிறது, அவ்வளவே.

நம் வேதத்திலும் இந்நுட்பம் உண்டு. உயிர்த்தெழுந்த பண்டிகையன்று இருள் பிரியுமுன் ஆராதனைக்குச் செல்லும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் உளது. அன்று பெண்கள் கல்லறைக்கு வந்த பொழுதைக் கூறுங்கால், சூரியன் உதித்தபோது என்பதாக மாற்கு எழுதுகிறார்; இன்னும் இருட்டாயிருந்தபோது என்பதாக யோவான் எழுதுகிறார். இருவரையும் இணங்கவைக்க உரையாசிரியர்கள் முயன்றிருக்கிறார்கள். தரங்கம்பாடிக் கரையில் அந்த இருபது நிமிடத்தில் நின்றவனுக்கு இருவரும் உண்மையே சொல்கிறார்கள் என்று தோன்றும். மேற்கே பார்த்தால் இருட்டு. கிழக்கே பார்த்தால் விடிந்துவிட்டது. மற்றொன்றும் கவனித்தேன். பெண்கள் வந்தபோது நிகழவேண்டியது முன்னரே நிகழ்ந்து முடிந்திருந்தது. அதனைக் கண்டவர் எவருமிலர்.

கோட்டைக்கு வடபால் கரையில் பெரியவர் ஒருவர் நாள்தோறும் வந்து அமர்வார். வயது எழுபதுக்கு மேலிருக்கும். அவர் மக்கள் எந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகில் தொழிலுக்குப் போகிறார்கள். அவர் வலைப் பழுது பார்ப்பார். முதல் பத்து நாட்கள் என்னை அவர் பொருட்படுத்தவில்லை. பதினோராம் நாள் கேட்டார்:

“ஏன் தம்பி, தினமும் இதையே புடிக்கிறியே, நேத்து வந்தது வேற சூரியனா?”

“இல்லை தாத்தா, நேற்று எடுத்தது சரியாக விழவில்லை.”

“அதுக்கென்ன, அது எங்க போவப்போவுது” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார்.

அவர் அமர்வது ஒரு கட்டுமரத்தின்மேல். அங்குள்ளோர் அதனை மரம் என்றே சொல்வர். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலிற் செலுத்தி, கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து உலர்த்தும் அவ்வழக்கம், கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபின் பெரிதும் அருகிவிட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்கரையிலிருந்த மரங்களையும் வலைகளையும் வாரிக்கொண்டது. அதன்பின் உதவியாக வந்தவற்றுள் பெரும்பாலானவை புதுவகைப் படகுகளே. யான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. எங்கள் வீட்டில் அதனைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு ஓரிடத்தில் நின்றுவிடும்.

கிறிஸ்மஸ் விடுமுறை முடியுந்தறுவாயில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரியவர் தாமே என்னை அழைத்தார்.

“மரத்தை நாளைக்கு அவுத்துடுவாங்க தம்பி. வெறகுக்குக் கேட்டிருக்காங்க. உளுத்துப் போச்சு, இனி எதுக்கும் ஆவாது. அதுக்கு முந்தி ஒரு படம் புடிச்சுக் குடுக்கிறியா? சூரியன் கெளம்பி வர்றப்ப, மரமும் அதுவுமா.”

எடுத்துத் தருகிறேன் என்றேன். பின்பு அவரே கட்டைகளைக் காட்டினார். சில மாறி மாறி வந்தவை. “இந்த ரெண்டும் என் அண்ணனோட மரத்துல இருந்தது. அலைக்கு அப்புறம் கருவக்காட்டுல கெடந்துச்சு, இழுத்தாந்தேன்.” அண்ணன் எங்கே என்று யான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை அவ்வூரில் எவர்க்கும் இல்லை.

அன்றிரவு யான் நன்றாக உறங்கவில்லை. அதுகாறும் எடுத்த படங்களுள் எதுவும், ‘நாளை எடுத்துக்கொள்ளலாம்’ என்னும் உறுதி இல்லாமல் எடுத்ததன்று. இதற்கு நாளை என்பதில்லை. மின்கலத்தை முழுதும் ஏற்றினேன். முக்காலியின் திருகாணிகளை இறுக்கினேன். ஞாயிறு எவ்விடத்தில் எழும் என்பதைக் கணக்கிட்டு, மரத்தின் முனைக்கு நேரே வட்டம் அமையுமாறு நிற்கவேண்டிய இடத்தை மணலில் முன்னரே ஒரு குச்சியால் குறித்துவைத்திருந்தேன்.

புதன்கிழமை நாலே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். விண்மீன் ஒன்றையும் காணோம். கொண்டற்காற்று ஈரத்தோடு வீசியது. கிழக்கே கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று அறிய இயலாத ஒரே சாம்பல். ஆறு மணியாயிற்று. ஆறரையாயிற்று. குச்சி நட்ட இடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். 6 மணி 31 நிமிடம் ஆனதும் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பெரியவர் எனக்கு முன்னரே வந்திருந்தார். மேகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “எட்டு மணிக்கு மேலதான் மூஞ்சியைக் காட்டும்” என்றார். பின், அவிழ்க்க வருவோர்க்காகக் காத்திராமல், தாமே முனைக்கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் உப்புநீர் குடித்து இறுகிய முடிச்சு. விரலுக்கு இடங்கொடாமையால் ஒரு மரமுளையைச் செருகி நெகிழ்த்தினார். யான் குச்சியை விட்டு நகர்ந்து அருகே சென்றேன். மேகம் பரப்பித் தந்த ஒளியில் எதற்கும் நிழலில்லை. கயிற்றின் ஒவ்வொரு புரியும், கட்டையில் துடுப்பு உராய்ந்து வழுவழுத்துப்போன பள்ளமும், அவர் நகக்கண்களிலிருந்த சுண்ணாம்பும் தெளியத் தெரிந்தன. வட்டம் எழுந்து கண்ணைக் கூசச்செய்திருப்பின், இவையெல்லாம் கரிய நிழலாகியிருக்கும். கடல் பின்னே வெறும் வெளுப்பாகக் கிடந்தது. எட்டுப் படங்கள் எடுத்தேன். ஏழரை மணிக்குள் அவர் மக்கள் வந்து மற்ற கயிறுகளை அறுத்துவிட்டார்கள்.

அன்று பிற்பகலே பேருந்தேறி, பக்கத்து நகரிலுள்ள ஒரு படக்கடைக்குச் சென்றேன். கடைக்காரர் கணினியில் படத்தைப் பார்த்தார். “பின்னாடி வானம் காலியா இருக்கே. சூரியன் ஒண்ணு வெச்சுத் தரட்டுமா? ரெண்டு நிமிட வேலை” என்று கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். பெரியவர் கேட்டதும் சூரியனோடுகூடிய படத்தையே. என் கருவிக்குள் அதே கரையில் எடுத்த ஞாயிறுகள் இருநூறுக்குக் குறையாமல் இருந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்து மரத்தின் முனைமேல் வைத்தால் அவர் மகிழவுங்கூடும். லெ கிரே அதனைச் செய்தவரே. ஆயினும் லெ கிரேயின் கடல் எவருடைய கடைசிக் காலையுமன்று. அம்முடிச்சு அவிழ்ந்தபோது ஞாயிறு தோன்றவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளபடியே அச்சிடுமாறு சொன்னேன். நண்பர்களுக்கு அன்று சொல்ல இயலாத காரணம் இதுதானோ என்று திரும்பும் பேருந்தில் எண்ணிக்கொண்டேன்.

மாலை மங்கும் வேளையில் அவர் வீட்டுக்குச் சென்று படத்தைக் கொடுத்தேன். அவர் பேத்தி எட்டிப்பார்த்து, “சூரியனே இல்லையே அண்ணா” என்றாள். “அன்னைக்கு வரலைடி” என்றார் பெரியவர். விளக்கின்கீழ்ப் படத்தைச் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

“கயிறு நல்லா வுழுந்திருக்கு தம்பி” என்றார்.

மறுநாள் கல்லூரிக்குப் புறப்படுமுன் கரைக்குச் சென்றேன். மரம் கிடந்த இடத்தில் மணல் பள்ளமாயிருந்தது. விறகு வண்டி அதற்குள் வந்துபோய்விட்டது. கட்டைகளுள் இரண்டை மட்டும் அவர் விற்கவில்லை. அவர் வீட்டு வாசலில், சுவரோரமாக, அவை ஒன்றன்மேலொன்று கிடந்தன. மேற்கட்டையில் அவருடைய துண்டு உலர்ந்துகொண்டிருந்தது.